பால்வாடியும் பதினெட்டாயிரமும்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுங்கள் என்று அறிவிப்புப் பலகையில் போட்டதும் நம் பிரிவில் பலர் பாலம், அணை, பசுமைக் கட்டடம் என்று தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது பால்வாடி. சிரிக்காதீர்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட ஒரு ஏழைப் பிள்ளையை வளர்க்கவும் எழுத்தைக் காட்டவும் அரசாங்கம் என்ன தருகிறது, அது எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன். இதை நான் புத்தகத்தில் பாதியும் எங்கள் அக்காவின் வாயிலிருந்து பாதியுமாகத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் ஆதனக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பு. தஞ்சாவூர் போகிற மெயின் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ரோட்டோரம் முந்திரிக்கொட்டை வறுத்து உடைத்து விற்பார்கள். அம்மா அந்த வேலைதான் செய்தது. வறுக்கிற இடத்தில் புகை, உடைக்கிற கையில் தோலைப் பொத்துப்போகவைக்கிற எண்ணெய். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அங்கே கைக்குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 2009-ல், எனக்கு இரண்டு வயது நடக்கும்போது, அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, "தம்பி கொஞ்சம் பெருசாகட்டும்" என்றார்கள், அவ்வளவுதான். தம்பி பெரிசாகி டிப்ளமோவுக்கு வந்துவிட்டான். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். நம் வகுப்பில் இப்படி எத்தனை பேருக்கு ஒரு அக்காவோ அண்ணனோ நின்றிருப்பார்கள் என்று ஒருநாள் மதிய இடைவேளையில் கேட்டுப் பார்த்தேன். கை தூக்கியவர்கள் குறைவில்லை.

இப்போது அக்காவுக்கு மூன்று வயதில் ஒரு மகள். ஆகவே இந்தக் கணக்கு எங்கள் வீட்டில் மறுபடியும் தொடங்கியிருக்கிறது.

முதலில் பிரசவக் காசைப் பார்ப்போம். எல்லோரும் "பதினெட்டாயிரம்" என்றே சொல்கிறோம். அதன் முழுப்பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். இந்தப் பெயரில் நமக்கு ஒரு உரிமை உண்டு. அந்த அம்மையார் 1886-ல் பிறந்தது இதே புதுக்கோட்டையில். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர், தாய் சந்திரம்மாள். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியபோது மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி தந்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம். 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவையில் முதல் பெண் உறுப்பினர். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. பரீட்சைக்கு இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். ஆனால் அக்காவின் பாஸ்புக்கில் விழுந்த காசுக்கு அவர் பெயர்தான் என்பது அக்காவுக்குத் தெரியாது, நான் சொல்லித்தான் தெரியும்.

திட்டம் 1987-ல் தொடங்கியபோது தொகை 300 ரூபாய். 2006-ல் அதை 6,000 ஆக்கினார்கள், 2011-ல் 12,000, 2018-ல் 18,000. இதில் 14,000 கையில் வரும் பணம். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம், அதாவது சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் போன்றவை. பணம் முன்பு ஐந்து தவணையாக வந்தது. பிறகு மூன்றாகச் சுருக்கி, கர்ப்பத்தின் நாலாம் மாதம் 6,000, பிள்ளை பிறந்த நாலாம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000 என்று வைத்தார்கள். ஏன் இந்த மாதக் கணக்கு? முதல் தவணை கர்ப்பத்தைச் சீக்கிரமே பதிந்துகொள்ளத் தூண்டுகிறது. அடுத்த இரண்டும் தடுப்பூசியோடு கட்டப்பட்டவை. மூன்றாம் சுற்று ஊசி போட்டிருக்க வேண்டும், ஒன்பதாம் மாத அம்மை ஊசி போட்டிருக்க வேண்டும். பணத்தைக் காட்டி ஊசிக்கு அழைக்கிற ஏற்பாடு என்று ஒருவர் கேலி செய்தார். இருக்கட்டுமே! பிள்ளைக்கு ஊசி விழுகிறதா இல்லையா?

நிபந்தனைகள் உண்டு. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார நர்ஸிடம் பதிந்து பிக்மி எண் வாங்கிவிட வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கும். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தின் பணமும் இதற்குள்ளேயே அடக்கம், தனியாக வராது. இது தெரியாமல் "அந்த 5,000 எங்கே?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

அக்காவுக்கு இதில் ஒரு தவணை ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஆதாரில் அப்பா பெயர் முன்னெழுத்து, பாஸ்புக்கில் மாமா பெயர் முன்னெழுத்து. கல்யாணமானதும் வங்கியில் ஒருவர் மாற்றச் சொல்லி மாற்றியது. ஆதாரை யாரும் மாற்றச் சொல்லவில்லை! ஆகவே நண்பர்களே, வீட்டில் யாராவது முழுகாமல் இருந்தால் மருந்துக்கடைக்கு முன்னால் இந்த இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் எழுத்து விடாமல் பாருங்கள். படித்த பிள்ளை என்று நம்மை வீட்டில் வைத்திருப்பது வேறு எதற்கு?

சரி, ஒன்பதாம் மாதம் கடைசித் தவணை வந்துவிட்டது. அதற்குப் பிறகு?

இங்கேதான் சங்கதி இருக்கிறது. பிறந்த ஒன்பதாம் மாதத்தோடு பணம் நின்றுவிடுகிறது. பால்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போவதென்றால் இரண்டு வயதாவது ஆக வேண்டும். இரண்டு வயது வரைக்கும் அங்கே சத்துமாவுப் பொட்டலம் கொடுப்பார்கள், எடை போடுவார்கள், ஆனால் பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் ஒன்றேகால் வருடம். அந்த ஒன்றேகால் வருடத்துக்கு நாட்டில் பெரும்பாலான கிராமங்களில் எந்த ஏற்பாடும் இல்லை. பாட்டி இருந்தால் பாட்டி, இல்லையென்றால் மூத்த பெண்பிள்ளை. என் அக்கா அரசாங்கக் கணக்கில் எங்கேயும் வராத ஒரு குழந்தைகள் காப்பகமாக இருந்தது என்றுதான் சொல்வேன். சம்பளம் இல்லை, மதிய உணவும் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதால் சத்துணவும் போச்சே!

பால்வாடி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் பால்வாடி என்று பழக்கத்தில் சொல்வது அரசு வழக்கில் அங்கன்வாடி. அங்கன் என்றால் முற்றம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் என்ற பெயரில் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்குப் பக்கத்திலேயே 1980-ல் உலக வங்கிக் கடனோடு ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று நடந்தது. மாதாமாதம் பிள்ளைகளை நிறுத்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு என்பது அதன் முறை. நமக்கு இது பழக்கமான விஷயம்தான். கான்கிரீட் கட்டையை 7-ம் நாள், 28-ம் நாள் சோதித்து வரைபடத்தில் குறிக்கிறோம் அல்லவா, அதே மாதிரி. கோடு மேலே ஏற வேண்டும்; படுத்தால் எங்கோ கோளாறு. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இல்லை, இரண்டு வயதிலிருந்து பால்வாடிப் பிள்ளைகளும் சேர்த்தி. இன்று தமிழகத்தில் ஏறத்தாழ 54 ஆயிரம் மையங்கள்.

இதற்கு ஆகும் செலவையும் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் ஊட்டச்சத்துக்கு 2017-ல் மத்திய அரசு உயர்த்தி வைத்த அளவு 8 ரூபாய். நம் கேன்டீனில் ஒரு டீ என்ன விலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாநில அரசு மேலே போட்டு முட்டை, கலவை சாதம் என்று நடத்துவதால்தான் தட்டு கொஞ்சம் நிறைகிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆறு வயதுவரை அங்கன்வாடி உணவு பிள்ளையின் உரிமை. டீச்சர் மனசு வைத்துத் தருகிற தர்மம் இல்லை. எங்கள் பக்கம் இன்னும் "டீச்சருக்குக் கோபம் வந்தா முட்டை கிடைக்காது" என்று பயந்து பேசுகிறார்கள். டீச்சரையும் சொல்லிக் குற்றமில்லை, கணக்கெடுப்பு, செல்போனில் பதிவு, எடை, ஊசி நாள் என்று ஒரு ஆள் நாலு ஆள் வேலை பார்க்கிறார்.

என் மனக்குறை சோற்றில் இல்லை, நேரத்தில். மையம் காலையில் ஒன்பது, ஒன்பதரைக்குத் திறந்து மூன்றரை, நாலுக்கெல்லாம் மூடிவிடும். முந்திரி வேலை விடிந்ததும் தொடங்கிப் பொழுது சாயும்வரை. சித்தாள் வேலைக்கு எட்டு மணி பஸ். அக்கா இப்போது பாப்பாவை விட்டுவிட்டு ஒன்பதரைக்கு உட்கார்ந்து மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறது. "நான் பாதிக் கூலிக்காரி"ன்னு சொல்லும். உடைத்த கிலோவுக்குத்தான் காசு. மாதம் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதைவிட மையத்தை இரண்டு மணி நேரம் கூடத் திறந்து வைத்தால் எங்கள் தெருப் பெண்களுக்கு லாபம் அதிகம் என்பது என் கணக்கு. தப்பென்றால் காட்டுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

காப்பகம் என்ற ஏற்பாடு சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் அறை வேண்டும் என்றது. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குக் காப்பகம் கட்டாயம் என்றார்கள். நமக்கு நேராகச் சம்பந்தப்பட்டது 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டம். அதன் 35-வது பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் சைட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறை, பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண் எல்லாம் வேண்டும் என்று எழுதியது. நம்ம ஊர் சைட்டில் 50 பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? பத்து சித்தாள், பன்னிரண்டு சித்தாள். அதுவும் மூன்று மேஸ்திரி பெயரில் பிரித்து எழுதியிருக்கும். 2020-ல் எழுதி 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒரு நல்ல மாற்றம்: பெண்கள் 50 என்பது போய், ஆணும் பெண்ணுமாக 50 தொழிலாளருக்கு மேல் என்று ஆகியிருக்கிறது. பிள்ளை அம்மாவுக்கு மட்டும் சொந்தமா என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அப்படியும் நம் வீடு கட்டும் சைட்டுகள் அதில் வராது.

2005 நூறு நாள் வேலைச் சட்டம் இதைவிட மேல். வேலைக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தாலே போதும், ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நிறுத்தி அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்று இரண்டாம் அட்டவணையில் இருந்தது. அம்மா பல வருடம் அந்த வேலைக்குப் போயிருக்கிறது. கேட்டேன். "அப்படி ஒரு ஆளை நான் கண்ணால பாத்ததில்லப்பா. வேப்பமரத்துல தூளி கட்டிட்டு நாங்களேதான் மாத்தி மாத்திப் பாத்துக்குவோம்" என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வேறு சட்டம் நிறைவேறிவிட்டது. சட்டம் மாறும், மரத்தடித் தூளி மாறுமா என்பதைப் பார்க்க வேண்டும்.

சைட்டில் காப்பகம் என்பது நடக்காத காரியமும் அல்ல. 1969-ல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டட வேலை நடந்த இடத்தில், வெயிலில் கிடந்த தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் என்ற அம்மையார் ஒரு கூடாரத்தைப் போட்டார். அதுதான் 'மொபைல் கிரெஷ்' என்ற நிறுவனமாக வளர்ந்தது. கட்டடம் முடிந்தால் காப்பகமும் தொழிலாளரோடு அடுத்த சைட்டுக்கு நகரும். கர்நாடகாவில் 2023-ல் 'கூசின மனே' என்று, குழந்தை வீடு என்று அர்த்தம், 4,000 கிராம ஊராட்சிகளில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் சிறு பிள்ளைகளுக்குக் காப்பகம் அறிவித்தார்கள். மத்திய அரசும் 2022 முதல் 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கும் திட்டம் வைத்திருக்கிறது. வெளிநாட்டில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1997-ல், எந்தக் குடும்பமானாலும் ஒரு நாளைக்கு 5 டாலர் கொடுத்தால் போதும், மீதி அரசு பார்க்கும் என்று தொடங்கினார்கள்; அதற்குப் பிறகு அங்கே வேலைக்குப் போகும் தாய்மார் எண்ணிக்கை கூடியது. பணக்கார நாடு, அவர்களுக்கு முடியும் என்று சொல்லலாம். மரத்தடித் தூளிக்கு ஒரு ஆள் கூலி நமக்குமா முடியாது?

இனி எல்.கே.ஜி. விஷயம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் நலிந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு திருப்பித் தரும். நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீடு பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். டவுனில் இருப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. எங்களைப் போன்ற குடியிருப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் முந்திரிக்காடுதான் இருக்கிறது! கிடைத்தவர்களுக்கும் வேன் ஃபீஸ், நோட்டு, டை, ஷூ என்று போகும். 2025-ல் மத்திய, மாநில அரசுகளுக்குள் நிதித் தகராறு வந்து, கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் கால் பரீட்சையே முடிந்துவிட்டது.

அரசுத் தரப்பிலும் 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்து, பெற்றோர் எதிர்த்த பிறகு தொடரும் என்று அறிவித்தார்கள். மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். ஐயாயிரத்துக்கு ஒரு டீச்சர் மனசு வைத்து எத்தனை நாள் நடத்துவார்? சாதாரணப் பால்வாடியிலும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. எங்கள் பாப்பா அதில் கற்றுக்கொண்ட வண்ணங்களை வைத்து என் சர்வே செயின் டேப்பைக் கேள்வி கேட்கிறது. ஆங்கிலம் இல்லை என்பதற்காக அதை மட்டம் என்று நினைக்க வேண்டாம் என்பேன். அக்கா ஒத்துக்கொள்ளாது. கான்வென்ட் யூனிபார்ம்தான் அக்காவுக்குப் படிப்பு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்; படிக்க விடாமல் போன ஆளுக்குத்தானே அந்த யூனிபார்மின் அருமை தெரியும்.

இன்னொன்று. நம்மில் பலர் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறோம். தோழிகளுக்கு 2022-ல் வந்த புதுமைப் பெண், நமக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன். காலை உணவு 2022-ல் ஒன்றாம் வகுப்புக்கு மேல்தான் தொடங்கியது. கட்டுமான நலவாரியம், 1994-ல் அமைந்தது, நம் தொழிலில் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று நலவரி வாங்கி நடக்கிறது. அதன் கல்வி உதவியும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். வயது ஏற ஏற உதவி கூடுகிறது, தொட்டிலில் கிடக்கும்போது குறைகிறது. அஸ்திவாரத்தில் சிமெண்டைக் குறைத்து மாடியில் டைல்ஸ் போடுவதை நமக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியாக ஒரு சட்டச் செய்தி. 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும். எங்கள் தெருவுக்கும் மையத்துக்கும் நடுவே அந்த மெயின் ரோடு ஓடுகிறது, லாரி ஓயாது. சின்னப் பிள்ளை தனியாகத் தாண்ட முடியாது. 2009-லும் அதே ரோடுதான். போன செமஸ்டர் லீவில் சர்வே நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எண்ணினேன். 37 பிள்ளைகள். மூன்று குறைகிறது! ஆனால் 150 முதல் 400 பேர் வரை உள்ள குடியிருப்புக்குச் சிறு அங்கன்வாடி தரலாம் என்றொரு பழைய அளவுகோல் இருந்தது. எங்கள் தெருவில் 212 பேர். இரண்டு கணக்கையும் எழுதி, ரோட்டின் அகலத்தையும் டேப் பிடித்து அளந்து குறிப்பிட்டு, அக்காவும் இன்னும் 26 தாய்மாரும் கையெழுத்து, கைநாட்டு வைத்து அக்டோபர் கிராம சபையில் கொடுத்தோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. நகலை நான் வாங்கி வைத்திருக்கிறேன். மனு எழுத மாதிரி வேண்டுமென்றால் சிவில் இரண்டாம் ஆண்டு, கடைசி பெஞ்சில் வந்து கேளுங்கள்.